கயிறு விட்ட எடை

அண்ணாச்சி, வெயில்ல ஏன் நிக்கிய, இந்த வேப்பமர நெழலுக்கு வாங்க. கரண்டு இப்போதைக்கு வராது. எடைமேடையில பட்டன் அமுக்குத பொம்பளப் பிள்ளைட்ட நானும் கேட்டுட்டேன். ட்ரான்ஸ்பார்மர்ல ஏதோ வெடிச்சிட்டாம், ஆள் வந்து பாத்துக்கிட்டு இருக்காவளாம். எல்லாம் என் நேரம். ஒரே ஒரு மரத்த எடை போட்டுப் பாக்கணும்னு போன ஆடியிலருந்து அலையுதேன். இன்னைக்குத்தான் மரம் வண்டி ஏறி, வண்டி மேடை ஏறி நிக்கி. நின்ன ஒடனே அந்தச் செவப்பு நம்பர் பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. எனக்குன்னா கரண்டுக்குக் கூட எளக்காரம்.

ஒங்க வண்டியில என்ன, தேங்காயா? உரிக்காத காயா? ஆறேகால் டன் இருக்கும். சிரிக்காதிய, மேடையில ஏத்துனதும் பாருங்க. எனக்கு அதுதான் சோலி. மரத்துக்கு எடை சொல்லுத வேலை. செங்கோட்டையில எந்த மரக்கடையில வேணாலும் போயி குத்தாலிங்கம்னு கேளுங்க. கேக்கவே வேண்டாம், விடுங்க. இப்போ கேட்டா வேற மாதிரி சொல்லுவானுவ.

மரத்துக்கு எடை சொல்லணுமான்னு நெனைக்கிய இல்லியா. தேங்காய்னா எண்ணிப் போடலாம். மரம் அப்படி இல்ல அண்ணாச்சி. மலைக்கு அந்தப் பக்கத்துலருந்து தடி தடியா வந்து எறங்கும். ஒண்ணு ஆனைக்குட்டி மாதிரி கெடக்கும், இன்னொண்ணு மொளகாச் செடி மாதிரி கோணிக்கிட்டு கெடக்கும். இத எந்த வண்டியில ஏத்தணும், ஒரு வண்டியில எத்தன தடி போவும், கிரேன் ஒரே மூச்சுல தூக்குமா, இல்ல ரெண்டு பக்கமும் சங்கிலி போடணுமா, எல்லாத்துக்கும் என் வாயத்தான் பாத்துக்கிட்டு நிப்பானுவ. நான் கொறச்சு சொன்னா வண்டி அச்சு முறியும். கூட்டிச் சொன்னா வண்டி பாதி காலியாப் போவும், முதலாளி என்னைய முறிப்பாரு. அதனால பாத்துச் சொல்லணும்.

எப்படிப் பாக்கதுன்னா, இந்தா இருக்கு பாருங்க கயிறு. சணல் கயிறுதான். அடிக்கு ஒரு முடிச்சு போட்டிருக்கேன். இத தடிய சுத்திப் போட்டு சுத்தளவ எடுக்கணும். பொறவு அந்தக் கயித்த நாலா மடிக்கணும். மடிச்ச நீளத்த அந்த நீளத்தாலயே பெருக்கி, பொறவு தடியோட நீளத்தால பெருக்குனா கன அடி வந்துரும். மரக்கடை உண்டான காலத்துலருந்து இதுதான் கணக்கு. கன அடிக்கு இத்தன கிலோன்னு சாதிக்கு ஒரு கணக்கு இருக்கு. தேக்குக்கு ஒண்ணு, வாகைக்கு ஒண்ணு, அயினிக்கு ஒண்ணு. அதையும் பெருக்குனா எடை. தீந்துது.

நாலா மடிச்சா உருண்டையா இருக்கது எல்லாம் கணக்குல வராதேன்னு கேப்பிய. வராது. அஞ்சுல ஒரு பங்கு விட்டுப் போவும். தெரிஞ்சேதான் விடுதது. மேல இருக்க பட்டை, ஓரத்து வளைவு, அறுக்கும்போது போற தூள் எல்லாம் வாங்குதவனுக்கு. வித்தவனும் கேக்க மாட்டான், வாங்குனவனும் சொல்ல மாட்டான். அது ஒரு மரியாதை. அந்த அஞ்சுல ஒரு பங்க எவனும் கணக்குல சேக்கதில்ல. கணக்குல இல்லாததுக்கு எடை எங்கேருந்து வரும், நீங்களே சொல்லுங்க.

அங்கதான் என் மாப்ளைக்கும் எனக்கும் முட்டிக்கிட்டு.

மாப்ளன்னா என் தங்கச்சி ஆவுடையக் கட்டுனவன். பேச்சிமுத்துன்னு பேரு. கிரேன் வச்சிருந்தான். சொந்தக் கிரேன். பழசுதான், ஆனா பிள்ளையக் குளிப்பாட்டுத மாதிரி தொடச்சுத் தொடச்சு வச்சிருப்பான். நான் எடை சொல்லுவேன், அவன் தூக்குவான். ரெண்டு பேரும் ஒரே பைக்குல வருவோம், ஒரே பைக்குல போவோம். சாயங்காலமானா பார்டர் ரோட்டுல பொரோட்டாவத் தின்னுக்கிட்டு அன்னைக்கு வந்த முதலாளிமாரு ஒவ்வொருத்தர் மாதிரியும் பேசிக் காட்டுவான். சிரிப்பான் பாருங்க, அவன் சிரிச்சா கிரேன் சத்தத்த மீறிக் கேக்கும். தங்கச்சி மாப்ளைன்னு எவனும் சொல்ல மாட்டான், கூடப் பொறந்தவனுவன்னுதான் சொல்லுவானுவ. அப்படி இருந்த பய.

போன ஆடி மாசம். சாரல் விடாம அடிக்குது. மசூது பாய் கடைக்கு அயினித் தடி ஒண்ணு வந்து எறங்குச்சு. பாய்தான் எனக்கு வேலை குடுத்த முதலாளி. பத்தடி சுத்து, இருவதடி நீளம். கடற்கரையிலருந்து ஒருத்தர் வள்ளம் செய்யதுக்குன்னு வாங்க வந்திருந்தாவ. வெள்ளைச் சட்டை, காதுல கடுக்கன், பெரிய ஆளு. நான் கயித்தப் போட்டேன், மடிச்சேன், நூத்தி இருவத்தஞ்சு கன அடின்னேன். அயினிக்கு கன அடிக்கு இருவத்தஞ்சு கிலோ. மூவாயிரத்து நூத்தி இருவத்தஞ்சு கிலோன்னு அந்த எடத்துலயே சொன்னேன். அந்த ஆளு என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. எப்படிவே மனசுலயே போடுதீருன்னு கேட்டாரு. எனக்கு ஒரு இது இருக்கும்லா.

தடி கெடந்தது வேலி ஓரத்துல, ஓடைக்கு அந்தாண்ட. கிரேன் தடிக்குக் கிட்ட போவணும்னா கடையச் சுத்தி, பின்வாசல் வழியா வரணும். இங்கேருந்தே தூக்கணும்னா கைய நீட்டித்தான் தூக்கணும். நீட்டுனா அந்தப் பழைய கிரேனுக்கு மூணரை டன்னுக்கு மேல ஆவாது. அது எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். அவன் எறங்கி வந்து தடியச் சுத்தி ஒரு நடை நடந்தான். வெட்டு வாயில கைய வச்சுப் பாத்தான். என்ட்ட வந்து, "மச்சான், பச்ச மரம். வெட்டு வாயில தண்ணி சொட்டுது. கூட ஏதும் இருக்குமா?"ன்னு கேட்டான்.

நான் இல்லன்னேன்.

"இருந்தா சொல்லுங்க மச்சான். பின்பக்கமா சுத்திக் கொண்டாந்து கிட்ட நிறுத்தித் தூக்குதேன். கொஞ்ச நேரம் ஆவும், அவ்வளவுதான்"னு சொன்னான்.

இதான் அண்ணாச்சி தப்பு. மொதத் தடவ கேட்டான், சரி. தொழில்னா கேக்கத்தான் செய்யணும். ரெண்டாவது தடவ எதுக்குக் கேக்கணும்? அதுவும் அந்தப் பெரிய ஆளு பக்கத்துல நிக்கும்போது. அவரு ஒடனே என் மொகத்தப் பாக்காரு. மூஞ்சியில சாணி அடிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. "நான் சொன்னா சொன்னதுதான், ஏறித் தூக்குல"ன்னேன். ஏறுனான்.

தூக்குனான். தடி தரைய விட்டு ஒரு முழம் எந்திச்சுது. சங்கிலி நல்லாத்தான் இருந்துச்சு, அதக் குத்தம் சொல்ல முடியாது. பின் டயரு ரெண்டும் தரைய விட்டு எந்திச்சத நான் பாத்தேன். கத்துனேன், சாரல் சத்தத்துல அவனுக்குக் கேட்டுச்சோ என்னவோ. கிரேன் பைய, ரொம்பப் பைய, மாடு படுக்க மாதிரி சாஞ்சுது. அவன் வெளிய குதிச்சான். குதிச்ச எடத்துலதான் கிரேனோட கை வந்து விழுந்துச்சு.

தரை எளக்கம் அண்ணாச்சி. சாரல்ல ஊறுன தரை. பாயிட்ட எத்தனை நாளாச் சொல்லுதேன், ஓடை ஓரம் கல்லு கொட்டுங்கன்னு. தரைய ஒருத்தனும் சொல்லல. அன்னைக்கே அந்தத் தடிய எடை போட்டிருந்தா என் சொல்லு சரியா தப்பான்னு அங்கனயே தெரிஞ்சிருக்கும். எவன் போட்டான்? எல்லாரும் காலப் பாத்தானுவ. மரத்தப் பாக்க ஒரு ஆள் இல்ல.

ஆமா, கால்தான். முட்டிக்குக் கீழ எடுத்துட்டாவ. எடது கால்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போவாம இருப்பனா? மூணாம் நாளு போனேன், ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போனேன். ரூமு நெறைய ஆளு. பாய் இருந்தாரு, லோடுமேன்மாரு இருந்தானுவ, ஆவுடை அவன் தலைமாட்டுல இருந்தா. நான் கட்டில் பக்கத்துல போயி நின்னு, தரை எளகிட்டு மாப்ள, இல்லன்னா ஒண்ணும் ஆயிருக்காது, கணக்குல தப்பு இல்லன்னு சொன்னேன். உள்ளதச் சொன்னேன். அவன் என்னையப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான். "மச்சான், ஒங்க கயிறு அந்த அஞ்சுல ஒரு பங்க விட்டுட்டு. என் கொக்கி விடலையே"ன்னான்.

வைதிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். செருப்பக் கழத்தி அடிச்சிருந்தாக் கூட, கால் போன வருத்தம் போட்டும்னு நின்னுருப்பேன். சிரிச்சான் அண்ணாச்சி. அத்தன பேரு முன்னால சிரிச்சான். லோடுமேன் பயலுவ ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டானுவ. ஹார்லிக்ஸ அங்கன வச்சுட்டு வந்தவந்தான். அவன் மொகத்துல இன்னும் முழிக்கல.

பொறவு என் பாட்டக் கேளுங்க. பாய் ஒரு தராசு வாங்கிட்டாரு. கிரேன் கொக்கியில தொங்கவிடுத தராசு. தடியத் தூக்குனா பீப் பீப்புங்கும், நம்பர் வரும். கூடிப்போச்சுன்னா கத்தும். அது இருக்கட்டும், வேண்டாங்கல. ஆனா நான் அங்கனதானே நிக்கேன். ஒரு பேச்சுக்கு எங்கிட்ட கேட்டுட்டு அதைப் பாக்கலாம்லா. மாட்டானுவ. அதப் பாத்து எழுதிட்டு, பொறவு என்னையப் பாத்து, "அண்ணாச்சி, நீங்க எவ்வளவு போட்டிய?"ன்னு கேப்பானுவ. கேட்டுட்டு சிரிப்பானுவ. அதுல அந்தத் தராசு ஒவ்வொரு தடவையும் என்னைய விடக் கூடத்தான் காட்டும். ஒரு தடவ கூட கொறச்சுக் காட்டுனதில்ல. கோட்டி பிடிச்ச தராசு. பாயிட்ட சொன்னேன், இது கூட காட்டுது, மாத்துங்கன்னு. அவரு என் தோள்ல கைய வச்சு, "குத்தாலம், வீட்டுல போயி ரெண்டு நாள் இரும்"னாரு. ரெண்டு நாளு ரெண்டு மாசமாச்சு. அப்புறம் எந்தக் கடையிலயும் கூப்பிடல.

ஆவுடை ஒரு தடவ வீட்டுக்கு வந்தா. வாசப்படியிலயே நின்னா, உள்ள வரல. "அண்ணே, ஒன்ட்ட யாரும் கணக்கு கேக்கல. ஒரு தடவ வந்து அவங்க பக்கத்துல உக்காரு. எதுவும் பேச வேண்டாம். அவங்க வாசலையே பாத்துக்கிட்டு இருக்காங்க"ன்னா. நான் சொன்னேன், "வாரேன் தாயி. அந்த மரத்த எடை போட்டு, நான் சொன்னது சரின்னு காட்டிட்டு வாரேன்"னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. எங்க அம்ம செத்தன்னைக்கு இப்படித்தான் பாத்தா. படியிலருந்தே திரும்பிப் போயிட்டா.

வெறுங்கையோட எப்படிப் போவேன் சொல்லுங்க. அவன் ஒரு கால இழந்துட்டு உக்காந்திருக்கான். எடை சொன்னது நான். நான் சொன்னது தப்புன்னா... தப்பு இல்ல. இல்லங்கதத் தெரிஞ்சுக்கிட்டுப் போனாத்தானே அவன் பக்கத்துல உக்கார முடியும்?

மரம் அங்கனயேதான் கெடந்துச்சு. கடற்கரை ஆளு வேண்டாம்னுட்டாரு. காவு வாங்குன மரத்துல வள்ளம் கட்ட மாட்டோம்னுட்டாவ. அறுவை மில்லுக்காரன் பிளேடு வைக்க மாட்டேன்னான். அப்படியே ஓடை ஓரத்துல கெடந்து கார்த்திகை போயி, தை போயி, மாசி பங்குனி வெயிலு பூராவும் அது மேலதான் அடிச்சுது. நல்ல மரம் அண்ணாச்சி. பட்டை எல்லாம் தானா உரிஞ்சு விழுந்துட்டு. ரெண்டு முனையும் வெடிச்சு, கைய விட்டா முழங்கை வரைக்கும் போவும். மனசு கெடந்து அடிச்சுக்கிடும், எப்படி இருந்த மரம்னு. போன வாரம் பாய் கால்ல விழாத கொறையாக் கேட்டேன். எடுத்துட்டுப் போங்க, என் கண்ணுல படாம இருந்தாச் சரின்னுட்டாரு.

வெடிச்ச முனைய ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடி அறுத்துப் போட்டேன். வண்டியில நீட்டிக்கிட்டு நின்னா போலீஸ்காரன் பிடிப்பான்லா, அதுக்குத்தான். வெடிச்ச முனைக்கு என்ன பெரிய எடை இருந்துறப் போவுது. இன்னைக்குக் காலையில வேற ஒருத்தர் கிரேனக் கொண்டாந்து தூக்குனோம். பஞ்சு மாதிரி தூக்கிச்சு அண்ணாச்சி. கைய முழுசா நீட்டித் தூக்கிச்சு, ஒரு அசைவு இல்ல. அந்த டிரைவரு சொல்லுதான், "இதுக்காவே அன்னைக்கு கிரேன் கவுந்துச்சு?"ன்னு. கேட்டியளா? அவனே சொல்லுதான். இதத்தானே நான் தலையால அடிச்சுக்கிட்டுச் சொல்லுதேன்.

இருங்க, இருங்க. பேன் சுத்துது. கரண்டு வந்துட்டு. நீங்களும் வாங்க, மூணாம் மனுசர் ஒருத்தர் பாத்தாத்தான் நல்லது. வெறும் வண்டி எடை காலையிலயே போட்டு வச்சாச்சு. இப்போ மரத்தோட போட்டு அதக் கழிச்சா முடிஞ்சுது.

ஏம்மா, கழிச்சு வந்தத சத்தமாச் சொல்லு.

மூவாயிரத்து நூத்திப் பத்து.

கேட்டியளா அண்ணாச்சி? மூவாயிரத்து நூத்திப் பத்து. நான் சொன்னது மூவாயிரத்து நூத்தி இருவத்தஞ்சு. பதினஞ்சு கிலோதான் வித்தியாசம். நான் ஒருத்தன் எந்தத் தராசும் இல்லாம, ஒரு சணல் கயித்த வச்சு...

என்னம்மா? காஞ்ச மரமா? காஞ்சாத்தான் என்ன, மரம் மரந்தானே. பச்சையில இன்னும் ஒரு டன்னுக்கு மேல இருந்திருக்குமா? ஒனக்கு யாரு சொன்னது? தேங்காயும் அப்படித்தானா, மட்டைத் தண்ணி வத்துனா எடை கொறையுமா? நான் தேங்காயக் கேட்டனா? பட்டன அமுக்குத வேலைய மட்டும் பாரு. சீட்டக் குடு.

நீங்க ஏன் அண்ணாச்சி அந்த அறுத்த முனையவே பாக்கிய? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். சின்னப் பிள்ளை. நம்பர்தான் பேசுது, பாத்துட்டியள்லா.

பாத்துட்டிய. சரி.

சீட்ட நாலா மடிச்சு பையில வச்சாச்சு. இனி போவ வேண்டியதுதான். பத்து மாசமா இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தேன். இந்தா, கையில இருக்கு. போவலாம்.

அண்ணாச்சி, எடை போட்டு முடிச்சதும் ஒங்க லோடு எந்தப் பக்கம் போவுது? தென்காசிக்கா? இலஞ்சி வழியாத்தானே போவிய. அவன் வீடு இலஞ்சியில, ரோட்டு மேலயேதான். பச்சைக் கதவு. வாசல்ல ஒரு நாற்காலி கெடக்கும், அதுலதான் உக்காந்திருப்பானாம். மரத்த என் டிரைவரு வெறகுக் கடையில எறக்கிருவான், நான் ஒங்க வண்டியில வாரேன். வாசல்ல ஒரு நிமிசம் நிறுத்துனாப் போதும். நான் எறங்கல. இந்தச் சீட்ட நீங்க அவன் கையில குடுத்துருங்க. நான் வாயத் தொறந்தா திரும்பவும் தரை எளகிட்டுன்னுதான் வரும். எனக்கு வேற வரல அண்ணாச்சி, பத்து மாசமாப் பாக்கேன், வாயில வேற வரல.

நீங்க ஒண்ணும் விளக்கம் சொல்ல வேண்டாம். அவன் கிரேன்காரன். நம்பரப் பாத்தா அவனுக்கே எல்லாம் தெரிஞ்சுரும். அந்தப் பிள்ளை சொன்னதும் தெரிஞ்சுரும். நீங்க அவன் மொகத்த மட்டும் பாருங்க. சிரிச்சான்னா, மச்சான் வெளிய வண்டியில இருக்காருன்னு சொல்லுங்க.